நாற்பது நம்பர்

எண்ணெயைச் சோதிக்க என் அப்பாவுக்கு இரண்டு விரல் போதும். டிப் ஸ்டிக்கை உருவி, நுனியில் நிற்கும் சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். விரலைப் பிரிக்கும்போது எண்ணெய் நூல் மாதிரி இழுபட்டால், "இன்னம் ஓடும்" என்பார். தண்ணீராய் வழுக்கிப் போனால், "செத்துப் போச்சு, எறக்கீரு" என்பார். சென்னிமலையிலிருந்து காங்கயம் போகும் ரோட்டோரம் அவர் பட்டறை. லாரி, டிராக்டர், கிணற்று ஆயில் எஞ்சின் எல்லாம் அங்கே வரும். எல்லாவற்றுக்கும் அவர் ஊற்றியது நாற்பது நம்பர் ஆயில். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து டின் தூக்கிக் கொடுத்த காலத்தில், எண்ணெயில் வேறு நம்பர் உண்டென்பதே எனக்குத் தெரியாது.

அதற்கும் முந்தைய காலம் என் அப்பாருடையது, அதாவது அப்பாவின் அப்பாவுடையது. அவரிடம் இருந்தது மாட்டு வண்டி. இரும்பு அச்சின் மேல் மரக்குடம் சுற்றும் வண்டி. குடத்துக்கும் அச்சுக்கும் நடுவில் போட அப்பத்தா விளக்கெண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார். எங்கள் மேட்டாங்காட்டில் கடலைக்குள் ஊடுபயிராகவும் வேலியோரத்திலும் ஆமணக்கு நிற்கும். ஆமணக்கின் கொட்டமுத்தை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்தால் எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை அகப்பையால் வழித்தெடுத்து மறுபடி காய்ச்சி, ஈரம் போக்கிச் சட்டியில் ஊற்றுவார். குழந்தைக்குப் பேதிக்கு, தலைக்கு, விளக்குக்குப் போக மிச்சம் வண்டிக்கு. வைக்கோலை எரித்த கரியை அதில் குழைத்தால் வண்டி மை. வாரச் சந்தைக்குக் கிளம்புமுன் கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி, அந்த மையை அப்பாரு அச்சில் தடவுவதைப் பார்த்திருக்கிறேன். தடவாத வண்டி கிறீச்சென்று கத்திக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தை வைத்தே வண்டிக்காரன் எப்படிப்பட்டவன் என்று ஊர் எடை போட்டது. 1984இல் இரட்டை மாட்டு வண்டியொன்று சென்னிமலை முருகன் கோயிலின் 1320 படிகளிலும் ஏறியதை ஊர் இன்றும் சொல்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த அச்சுக்கு எவ்வளவு மை வைத்திருப்பார்கள் என்றுதான் என் மனசு போகும்.

வண்டி அச்சுக்குக் கெட்டியான எண்ணெய்தான் சரி. சுற்றுவது மெதுவாக. பாரம் அதிகம். குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே இடைவெளி நெல்மணி புகும் அளவு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து ஊற்ற பம்பு கிடையாது. தடவியது அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 'கெட்டியா இருந்தாத்தான் நல்ல எண்ணெய்' என்ற நம்பிக்கை எங்கள் ஊரில் அந்த அச்சிலிருந்து வந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த இடத்தில் அது முழுக்க முழுக்க உண்மை. வண்டி போய் எஞ்சின் வந்த பிறகும் நம்பிக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. சென்ற வருடம் என் அக்கா மகன் வாங்கிய ஸ்போர்ட்ஸ் காருக்குள் அது போய் உட்கார்ந்ததைக் கண்ட பிறகுதான் இதை எழுதத் தோன்றியது.

அப்பத்தா காய்ச்சிய அதே எண்ணெய்தான் உலகத்தின் ஆரம்பகாலப் பந்தய எஞ்சின்கள் பலவற்றிலும் ஓடியது. லண்டனில் 1899இல் தொடங்கிய வேக்ஃபீல்டு கம்பெனி, 1909 வாக்கில் விளக்கெண்ணெய் கலந்து ஒரு எஞ்சின் எண்ணெய் செய்தது. ஆமணக்கின் ஆங்கிலப் பெயரை ஒட்டி அதற்குக் காஸ்ட்ரால் என்று பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போரில் பறந்த விமானங்கள் பலவற்றில் எஞ்சினே காற்றாடியோடு சேர்ந்து சுழலும். அவற்றில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, எண்ணெய் இருக்கும் அறை வழியாகத்தான் உள்ளே போகும். சாதாரணப் பெட்ரோலிய எண்ணெய் என்றால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். எரியாத எண்ணெய் புகையோடு வெளியேறித் திறந்த இருக்கையில் இருக்கும் விமானியின் முகத்தில் அடிக்கும். அதைச் சுவாசித்தே வயிறு கலங்கியது என்று அந்தக் காலத்து விமானிகளைப் பற்றிச் சொல்வார்கள். விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

விளக்கெண்ணெய்க்கு அந்தத் திறமை எங்கிருந்து வந்தது? அதில் பத்தில் ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம் என்ற ஒரே வகைக் கொழுப்பு. அதன் மூலக்கூறின் ஒரு முனை இரும்பைப் பற்றிக்கொள்ளும் தன்மை உடையது. நசுக்கினாலும் படலம் சட்டென்று கிழியாது. 100 டிகிரி சூட்டிலும் இன்றைய கணக்கில் ஐம்பது நம்பர் எண்ணெயின் கெட்டித்தன்மையோடு நிற்கும். ஆல்கஹால் எரித்த பந்தய எஞ்சின்களுக்கும் அது பொருந்தியது, ஏனென்றால் ஆல்கஹாலோடு அது நன்றாகக் கலக்கும். அதன் குறை என்ன என்பதும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். பல நாள் துடைக்காத விளக்கில் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிப் போயிருக்கும். எஞ்சினுக்குள்ளும் அதே கதைதான். பந்தயம் முடிந்தால் இறக்கிக் கழுவியாக வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் ரிங் அதனதன் காடியிலேயே ஒட்டிக்கொள்ளும். நாள்தோறும் ஓட்டும் வண்டிக்கு அது ஆகாது. பெட்ரோலிய எண்ணெயோடு மருந்துகள் சேர்த்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

கொங்கு நாட்டுக்கு எஞ்சின் வந்த கதையை எழுதினால் கோவையில்தான் தொடங்க வேண்டும். ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே பஸ் ஓட்டத் தொடங்கினார். பம்பு செட்டும் ஆயில் எஞ்சினும் கோவைப் பட்டறைகளிலிருந்து கிணறு கிணறாகப் பரவின. என் சின்ன வயதில் எங்கள் காட்டுக் கிணற்றில் இருந்தது லிஸ்டர் வகை எஞ்சின். நிமிடத்துக்கு 650 சுற்று. பெரிய சக்கரம், ஒற்றை சிலிண்டர், 'டுப்... டுப்...' என்று அரை மைலுக்குக் கேட்கும். அந்த எஞ்சினுக்கு நாற்பது நம்பர் பொருத்தமான எண்ணெய்தான். பேரிங் இடைவெளி தாராளம். சூடு ஒரே சீர். வெயிலில் தொடங்கி வெயிலில் முடியும் வேலை.

நம்பர் என்பது என்ன என்பதை அப்பாவிடம் கேட்டால், "அது ஸ்ட்ராங்கு" என்பார். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1911இல் எண்ணெய்களை எண்ணால் வகைப்படுத்தத் தொடங்கியது. அந்த எண் தரத்தைச் சொல்வதில்லை. எண்ணெய் எவ்வளவு தயங்கி ஓடுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. நாற்பது என்றால் 100 டிகிரி சூட்டில் அந்தத் தயக்கம் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்கும் என்று பொருள். அவ்வளவுதான். எந்த மண்ணிலிருந்து எடுத்தது, எத்தனை மருந்து கலந்தது, எவ்வளவு நாள் உழைக்கும் என்று அந்த எண் ஒரு வார்த்தை சொல்லாது. நாற்பது நம்பர் என்று எழுதிய டின்னில் மட்டமான எண்ணெயும் இருக்கலாம், அருமையான எண்ணெயும் இருக்கலாம்.

ஒரே எண் கொண்ட எண்ணெயில் ஒரு தொல்லை உண்டு. சூட்டில் நாற்பதாக நிற்பது ஆறினால் கெட்டியாகி எஞ்சினுக்குள் ஏறத் தாமதிக்கும். பனி கொட்டும் நாடுகளில் வண்டி கிளம்பவே கிளம்பாது. பெரிய பாலிமர் மூலக்கூறுகளைச் சேர்த்து, ஆறியபோது ரொம்பக் கெட்டியாகாமலும் சுட்டபோது ரொம்ப இளகாமலும் நிற்கிற மல்டிகிரேடு எண்ணெய்கள் 1950களில் பரவின. அவற்றின் எண்ணில் 'டபிள்யூ' என்ற எழுத்தும் இருக்கும். குளிர்காலத்தின் ஆங்கில முதல் எழுத்து அது. 20டபிள்யூ-40 என்றால் ஆறிய நிலையில் இருபது வகுப்பு, சுட்ட நிலையில் நாற்பது. அப்பா பட்டறைக்கு அந்த டின் 1980களில் வந்ததாக ஞாபகம். "ரெண்டு நம்பர் போட்டிருக்கான், ரெண்டையும் கலந்துட்டானாட்ட இருக்குது" என்று அவர் முதலில் அதை ஒதுக்கியே வைத்தார்.

பிறகு நான் கோவைக்குப் போனேன். 1990களின் தொடக்கம். பந்தயக் கார்களுக்கு எஞ்சின் வேலை பார்க்கும் பட்டறை ஒன்றில் கையாளாகச் சேர்ந்தேன். கோவையில் அப்போது பந்தயம் ஒரு காய்ச்சல். லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த கரிவரதன் அதற்கு மையம். அதற்கு முன் இந்தியாவில் கார் பந்தயம் என்றால் சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளம், வெளிநாட்டிலிருந்து இறக்கிய கார், காசுள்ள சிலபேர். கரிவரதன் 1988இல் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் பூட்டி 'ஃபார்முலா மாருதி' என்று கொண்டுவந்தார். தெருவில் ஓடும் எஞ்சின், கோவையில் செய்த சட்டம். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் பந்தயத்தை நினைத்துப் பார்க்க முடிந்தது. நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயமே அந்த ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் இருக்கும் ஓடுதளத்துக்கு அவர் பெயர்தான், கரி மோட்டார் ஸ்பீட்வே. கோவைக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை வரும். எனக்கும் வரும்.

எண்ணெயைப் பற்றி நான் கற்ற பாடம் அங்கேதான். கடைக்குப் போய் வரும்போது ஒரு சிறு எஞ்சின் தன் முழு வலுவைக் காட்டுவது சில நொடிதான். பந்தயத்தில் அதே எஞ்சின் இருபது நிமிடம் மூச்சு விடாமல் உச்சத்தில் கத்துகிறது. தெருவில் 90, 100 டிகிரியில் இருக்கும் எண்ணெய், ஓடுதளத்தில் 120, 130ஐத் தாண்டும். பேரிங்குக்குள் நசுங்கும் இடத்தில் சூடு இன்னும் மேலே. சூடு பத்து டிகிரி ஏறினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பந்தயம் முடிந்து இறக்கும்போது வரும் வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கருகின கடுகு மாதிரி ஒரு வாசம்.

இன்னொன்றையும் அங்கே பார்த்தேன். நீளமான வளைவில் கார் வேகமாகத் திரும்பும்போது, எஞ்சினின் அடித்தொட்டியான சம்பில் இருக்கும் எண்ணெய் எல்லாம் ஒரு பக்கமாய் ஒதுங்கிவிடும். குடத்துத் தண்ணீரோடு திரும்பினால் தண்ணீர் ஒரு பக்கம் ஏறுமே, அது மாதிரி. பம்பின் வாய் அப்போது காற்றை உறிஞ்சும். இரண்டே நொடி காற்று போனால் போதும், பேரிங் பிடித்துக்கொள்ளும். அங்கே எவ்வளவு விலையுள்ள எண்ணெயும் உதவாது. அதற்குச் சம்புக்குள் தடுப்புத் தகடு வைக்க வேண்டும். போர்ஷே 911 ஜிடி3 போன்ற கார்களில் சம்பிலேயே எண்ணெயைத் தேக்குவதில்லை. உடனுக்குடன் உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பிவிடுகிறார்கள். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷேயோடு இறங்கியபோது ஊரில் பிள்ளைகள் டயரைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பேசினார்கள். ஒரு நாள் முழுக்க வளைந்து வளைந்து ஓடும் அந்த எஞ்சினுக்குள் எண்ணெய் எப்படி விடாமல் போய்ச் சேருகிறது என்பதையே நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூரில் பனியன் தொழில் அவனுக்கு. வெகுநாள் ஆசைப்பட்டு, இரண்டாம் கையாக ஒரு ஜெர்மன் காரை வாங்கினான். இரண்டு கதவு, டர்போ, தரையோடு ஒட்டிக்கொண்டு போகும் வண்டி. மலைமேல் சாமி கும்பிட்டுவிட்டு முதல் வேலையாக என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு மாதம் கழித்துப் போன் வந்தது.

"மாமா, காலைல ஸ்டார்ட் பண்ணுனா கடகடன்னு ஒரு சத்தமுங்க. கொஞ்ச நேரத்துல அடங்கிருதுங். நேத்து எஞ்சின் லைட்டும் வந்துருச்சுங்."

"ஆயில் மாத்துனயா கண்ணு?"

"மாத்துனனுங். நம்ம வெயிலுக்குக் கெட்டியா ஊத்துனாத்தான் தாங்கும்னு சொல்லி ஊத்திக் குடுத்தாங்க."

ஊற்றியது 20டபிள்யூ-50. அந்தக் காரின் புத்தகம் கேட்டது 0டபிள்யூ-40. ஊற்றிக் கொடுத்தவர் கெட்டவர் இல்லை. என் அப்பா சொல்லியிருக்கக்கூடியதைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் நடந்தது இதுதான். 40 டிகிரியில், அதாவது நம் ஊர்ச் சித்திரை மதியத்தில் நிழலில் நிற்கும் காரின் சூட்டில், 20டபிள்யூ-50 எண்ணெய் 0டபிள்யூ-40ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கும். மார்கழி விடியலில் வித்தியாசம் இன்னும் அதிகம். இந்தக் காலத்து எஞ்சினில் எண்ணெய் மசகு மட்டும் போடுவதில்லை, கையும் காலுமாக வேலை செய்கிறது. கேம் ஷாஃப்ட்டை முன்னும் பின்னும் திருப்பி வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுவது எண்ணெய் அழுத்தம்தான். டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பதும் அதுதான். ஊசி முனை வழிகளில் எண்ணெய் நேரத்துக்கு ஏறவில்லை என்றால் செயின் தளர்ந்து கடகடக்கும். கேம் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாவிட்டால் கம்ப்யூட்டர் கணக்கு தப்பி விளக்கைப் போடும். அவன் காரில் எழுதியிருந்த பிழை எண்ணும் கேம் டைமிங்கைத்தான் சொன்னது. புத்தகம் சொன்ன எண்ணெயை ஊற்றிப் பிழையை அழித்த பிறகு விளக்கு திரும்ப எரியவில்லை. சத்தமும் அடங்கியது.

அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண்ணைப் பார்த்து, 'நம்ம ஊர்ல பனியா கொட்டுது, சைபர் எதுக்கு?' என்று கேட்கிறவர்கள் உண்டு. ஈரோட்டுப் பக்கம் ராத்திரிக் குளிர் 18, 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். மைனஸ் 35இல் கிளம்ப வேண்டும் என்ற சோதனைக்காகத்தான் அந்தச் சைபர் வந்தது. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் எஞ்சினைப் பொறுத்தவரை 20 டிகிரியும் குளிர்தான். அது வேலை செய்யப் பிறந்த சூடு 100. முதல் அரை நிமிடத்தில் எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் டர்போ வரை போய்ச் சேருகிறது என்பதில் சைபருக்கும் இருபதுக்கும் வித்தியாசம் உண்டு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். லிஸ்டர் எஞ்சின் இரண்டரை மணி நேரத்தில் சுற்றும் சுற்றை அது ஒரே நிமிடத்தில் சுற்றுகிறது. அத்தனை வேகத்தில் அதை ஏந்தி நிற்பது எண்ணெய்ப் படலம் ஒன்றே.

சுட்ட பிறகு நாற்பது நாற்பதுதான். அப்பா ஊற்றிய நாற்பது நம்பரும், அக்கா மகன் ஊற்றும் 0டபிள்யூ-40உம் 100 டிகிரியில் ஒரே வகுப்பு. சைபர் என்பதால் இன்றையது சூட்டில் தண்ணீராகிவிடாது. பேரிங்குக்குள் நசுங்கும் 150 டிகிரிச் சூட்டில் எவ்வளவு தாங்கும் என்று ஒரு தனிச் சோதனை இருக்கிறது. 0டபிள்யூ-40 அதில் குறைந்தது 3.5 எடுக்க வேண்டும். முப்பது நம்பருக்கு 2.9 போதும். ஸ்போர்ட்ஸ் காருக்கு எண்ணெய் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். டின்னின் முகப்பில் இது இருக்காது. கம்பெனி வெளியிடும் விவரத் தாளில் இருக்கும்.

கெட்டித்தன்மை எவ்வளவு வேண்டும் என்பதை முடிவு செய்வது வெயில் இல்லை, எஞ்சினைச் செய்தவர்கள் விட்ட இடைவெளி. இதற்கு நல்ல சான்று பிஎம்டபிள்யூ எம்3. 2000களில் வந்த எம்3 எஞ்சின்கள் எட்டாயிரம் சுற்று வரை கத்தும். அவற்றுக்கு 10டபிள்யூ-60 என்ற மிகக் கெட்டியான எண்ணெயைத்தான் கம்பெனி சொன்னது. 2014இல் வந்த அடுத்த எம்3க்கு டர்போ எஞ்சின். அதற்கு முப்பது நம்பர். ஒரே பெயர், ஒரே ஊர், ஒரே வெயில். ஒரே தலைமுறை மாற்றத்தில் அறுபது முப்பதாயிற்று. பழைய எம்3க்கு முப்பதை ஊற்றினாலும் தப்பு, புதியதற்கு அறுபதை ஊற்றினாலும் தப்பு.

எண்ணைவிட முக்கியம், டின்னின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் அங்கீகாரம். போர்ஷே ஏ40, மெர்சிடிஸ் 229.5, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01 என்று வரும். அந்தக் கம்பெனி அந்த எண்ணெயைத் தன் எஞ்சினில் ஓட்டி, பிரித்துப் பார்த்து, சரி என்று ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது. 'பொருந்தும்', 'ஏற்றது' என்று எழுதியிருப்பது எண்ணெய் விற்பவரின் சொல். 'அங்கீகரிக்கப்பட்டது' என்று எழுதியிருப்பது கார் செய்தவரின் சொல். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை வாங்குகிறவர் கவனித்தாக வேண்டும்.

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் எழுத்துகளும் டின்னில் இருக்கும். 2020இல் எஸ்பி வந்தது, 2025இல் எஸ்க்யூ. டர்போ வைத்து, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் சின்ன எஞ்சின்களில் ஒரு புது வியாதி கண்டார்கள். குறைந்த சுற்றில் பெடலை அழுத்தினால், பிளக் பொறி விடுமுன்பே கலவை தானாகப் பற்றி, ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கும். ஆராய்ந்தபோது எண்ணெயில் அழுக்குக் கழுவச் சேர்த்த கால்சியமும் ஒரு காரணம் என்று தெரிந்தது. அதனால் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தை ஏற்றினார்கள். எண்ணெய் பிஸ்டனை உடைக்கும் என்று 1990இல் யாராவது சொல்லியிருந்தால் எங்கள் பட்டறையில் நம்பியிருக்க மாட்டோம்.

பெட்ரோலும் மாறிவிட்டது. பிஎஸ்-4 காலத்தில் பெட்ரோலில் பத்து லட்சத்தில் 50 பங்கு கந்தகம் இருக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததும் அது பத்தாகக் குறைந்தது. கந்தகம் எரிந்தால் அமிலம். அதை அடக்கத்தான் அந்நாளில் எண்ணெயில் காரம் நிறையச் சேர்த்தார்கள். இப்போது அவ்வளவு தேவையில்லை. சில புதிய கார்களின் புகைக்குழாயில் வடிகட்டி இருக்கிறது. எண்ணெயின் மருந்துகள் எரிந்து விடும் சாம்பல் அதை அடைக்கும். அதனால் அந்த வண்டிக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயாகப் பார்த்து ஊற்ற வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு நேர் எதிர்ப்பாடம். இரும்போடு இரும்பு தேயும் தட்டையான டாப்பெட் கொண்ட பழைய எஞ்சின்களைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு மருந்து. புகைக்குழாயின் வினையூக்கியைக் கெடுக்கும் என்று, முப்பதும் அதற்குக் கீழேயுமான எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கிவிட்டார்கள். தாத்தா காலத்துக் காரை ஆசையாய்ப் புதுப்பித்து, கடையில் உள்ளதிலேயே புதிய, மெல்லிய, விலை கூடிய எண்ணெயை ஊற்றுகிறவர்கள் அதன் கேமைத் தாங்களே தேய்க்கிறார்கள். எனக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இன்னொரு புதுச் சங்கதி, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். சென்னிமலையிலிருந்து பெருந்துறை வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தி, சாயங்காலம் திரும்பினால், தண்ணீர் மீட்டர் சூடு காட்டினாலும் எண்ணெய் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் எண்ணெயிலேயே தங்கும். ஸ்போர்ட்ஸ் காரைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து, வாரம் ஒருமுறை கடைவீதி சுற்றி வந்து மூடி வைக்கிறவர்கள், வேகமாக ஓட்டுகிறவர்களைவிடச் சீக்கிரம் எண்ணெயைக் கெடுக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். வருடம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும்.

ஓடுதளத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி, ஒரு நம்பர் ஏற்றலாமா என்பது. கார்ப் புத்தகமே முப்பதும் நாற்பதும் இரண்டும் ஆகும் என்று சொல்லியிருந்தால், அந்த ஒரு நாளைக்கு நாற்பதை எடுப்பதில் நியாயம் உண்டு. சூட்டில் படலம் கொஞ்சம் கூடுதலாய் நிற்கும். புத்தகம் ஒன்றை மட்டும் சொல்லியிருந்தால் அதோடு நிற்பதே சரி. போகுமுன் அளவு பார்த்து, மேல் கோட்டை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும், தாண்டவும் கூடாது. தாண்டினால் கிராங்க் அடித்து நுரையாக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் திரும்பப் பார்க்க வேண்டும். ஓடி முடித்ததும் அப்படியே நிறுத்தாமல் ஒரு சுற்று மெதுவாய் ஓட்டிச் சூடு தணிக்க வேண்டும். கொதிக்கும் டர்போவுக்குள் எண்ணெய் நின்றுவிட்டால் கரியாகி வழியை அடைக்கும். வந்ததும் மாற்றிவிடலாம், கிலோமீட்டர் ஆகவில்லையே என்று பார்க்க வேண்டாம். கடையில் விற்கும் மாயச் சீசாக்களை நான் எந்த எஞ்சினிலும் ஊற்றியதில்லை. நல்ல எண்ணெயில் மருந்துகள் ஒன்றுக்கொன்று அளந்து வைத்தவை. மேலே ஒன்றைக் கொட்டினால் அந்த அளவு குலையும். காலி டின்னை ஓட்டை போட்டு நசுக்கித்தான் வெளியே போட வேண்டும். அதில் கலப்படத்தை நிரப்பி விற்கக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

போன மாதம் அக்கா மகன் செட்டிபாளையத்தில் அரை நாள் ஓட்டிவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். எண்ணெயை நானே இறக்கினேன். அப்பாவுக்கு எண்பத்தைந்து வயது. திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, தட்டில் விழும் எண்ணெயில் ஒரு விரலைத் தொட்டார். எழுபது வருடப் பழக்கம். கறுப்பாய் இருக்கிறதே என்று அவர் சொல்லவில்லை. கறுத்தால் எண்ணெய் கெட்டது என்பது அப்பா காலத்து நம்பிக்கை. அழுக்கைப் பிடித்து ஏந்திக்கொண்டிருக்கும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும் என்பதைப் பல வருடம் முன்னால் நானும் அவரும் சண்டை போட்டே தீர்த்துக்கொண்டோம். பால் மாதிரி வெளுத்திருந்தால்தான் பயப்பட வேண்டும், தண்ணீர் புகுந்திருக்கும். அது அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

கட்டைவிரலையும் சேர்த்துத் தேய்த்தார். விரலைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நூல் கொஞ்சம் இழுபட்டு அறுந்தது.

"என்ன நம்பரு கண்ணு?"

"சைபர் டபிள்யூ நாப்பதுங் அப்பிச்சி."

"முன்னால இருக்கறத உடு. சுட்டா நாப்பது தானே?"

"ஆமாங்."

வேலியோரத்தில் தானாய் முளைத்த ஆமணக்குச் செடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி விரலைத் துடைத்துக்கொண்டார். "அடைச்சு வை. கதவு முளைக்குக் கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போனார்.